நாற்பதுக்குக் கீழே

பிரகாசியம்மாளின் மகன் இறந்துபோன செய்தி பன்னிரண்டு நாள் என்னிடம் இருந்தது. என் அலுவலகத் திரையில், அவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் போட்டுத் தந்த காபியைக் குடித்தேன். மழை வருமா வராதா என்று பேசினேன். வெட்கமில்லாமல் சிரிக்கவும் செய்தேன்.

என் உத்தியோகம் அப்படி. இருபது வருடம் தூத்துக்குடியில் நர்ஸாக இருந்தவள், இதயக் காப்புத் திட்டம் வந்தபோது செய்தி அலுவலராக மாறினேன். தங்கபுஷ்பம் என்று அடையாள அட்டையில் இருக்கும். ஊருக்குள் என் பெயர் ‘சாவு சொல்லுத அம்மா’. சில தெருக்களில் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துவார்கள்.

திட்டம் ஒன்றும் பெரிய விந்தையில்லை. நம் ஆட்கள் காலம் காலமாகச் செய்துவருவதுதான். ஹார்ட் பேஷண்ட் இருக்கிற வீட்டில் கெட்ட செய்தியை அமுக்கி வைப்பார்கள். செத்துப்போனவரை ‘சீரியஸா இருக்காவ, உடனே கிளம்பி வா’ என்று சொல்லி வெளியூரில் இருக்கிறவனைப் பஸ் ஏற்றுவார்கள். வருகிறவன் வழியெல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டு வந்து, தெருமுனையில் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். இதைத்தான் அரசாங்கம் ஒரு கருவியும் ஒரு சட்டமும் போட்டு ஒழுங்குபடுத்தியது. கருவிக்குப் பெயர் வில்லை. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். இடது தோளுக்குக் கீழே தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள்.

தொம்மைக்கும் பிரகாசியம்மாளுக்கும் ஒரே நாளில் வில்லை வைத்தோம். தொம்மை படகு இன்ஜின் மெக்கானிக். அவருக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருந்தது. பிரகாசியம்மாளின் கதை வேறு. அவருடைய தம்பி விபத்தில் போன செய்தியை யாரோ ஒரு புண்ணியவான் போனில் படாரென்று போட்டு உடைத்தான். அந்த அம்மா போனைக் கையில் பிடித்தபடியே சரிந்தவர். பிழைத்தது பெரிய விஷயம். டாக்டர் இசக்கிராஜன் அவருடைய இதயப் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

“ரத்தக்குழாய்ல ஒரு அடைப்பும் இல்லம்மா. பயம், துக்கம் வந்தா உடம்பு ஒரு சுரப்பை ரத்தத்துல விடும். கொஞ்சம்னா நல்லது. நாய் துரத்தினா ஓட வைக்கும். மொத்தமா கொட்டிருச்சுன்னா இதயத் தசையையே சுட்டிரும். பாத்தியளா, கீழ்ப்பக்கம் மரத்துப்போயி உப்பி நிக்கி. அடிக்கவே இல்ல.”

பிரகாசியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தார். தொம்மை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏட்டி, நம்ம இன்ஜின்தான். வலையில மாட்டுன படகை இழுக்கணும்னு முழு ரேஸ் குடுப்பான் பாரு. படகு நகராது. உள்ள பிஸ்டன் கருகும். அதான் ஒனக்கு ஆனது.”

“சரியா சொன்னிய,” என்றார் டாக்டர். “ஒரேயடியா ரேஸ் குடுத்தாலும் கருகும். கொஞ்சங்கொஞ்சமா, நாள்கணக்கா குடுத்தாலும் கருகும். ரெண்டாவது, வெளிய தெரியாம நடக்கும். அதுக்குத்தான் வில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் அந்தச் சுரப்பை அளந்து நூத்துக்கு இவ்வளவுன்னு நம்பர் காட்டும். நாப்பதுக்குக் கீழ ஒரு மணி நேரம் நின்னா மனசு அமைதியா இருக்குன்னு அர்த்தம். அப்பதான் எந்தச் செய்தியும் ஒங்க காதுக்கு வரும்.”

“அப்ப எங்க வீட்டுக்கு வார செய்தி எல்லாம் புஷ்பம் மேடம் கையிலயா?” என்று கேட்டுவிட்டுத் தொம்மை சிரித்தார். “நல்லதாப் போச்சு. எங்க மவன் பொண்ணு பாத்துட்டேன்னு சொன்னாலும் இவதான் மயங்கி விழுவா.”

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஜெனிட்டா, நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தது. இளையவன் லெரின், சரக்குக் கப்பலில் வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. வில்லை வைத்தவர்கள் வீட்டுக்கு வருகிற எல்லா அழைப்பும் முதலில் எங்களிடம்தான் வரும். நடுக்கடலில் கப்பலைக் கட்டி இழுத்த வடம் அறுந்து லெரின் மேல் அடித்திருக்கிறது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. முகத்தில் ஒரு காயமும் இல்லை என்று கம்பெனிக்காரர் தனியாகச் சொன்னார். உடல் ஊர் வந்து சேர எட்டு ஒன்பது நாள் ஆகும்.

ஜெனிட்டா மதியத்துக்குள் என் அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“மேடம், எங்கம்மைக்கு இப்ப சொல்லவே கூடாது. போன தடவை பாத்தோம்லா. அப்பாவுக்கும் வேண்டாம். ரெண்டு பேரையும் சேத்து நான் பறிகுடுக்க மாட்டேன்.”

“நம்பரைப் பாத்துத்தான் சொல்லணும்மா. ஒன்பது நாள் இருக்கு. கூட இருந்தாலும் இறங்கிரும். பக்குவமா நானே சொல்லுதேன். தம்பி முகத்தைப் பாத்துத்தான் மண்ணு போடுவாவ,” என்றேன். அந்த வாக்குறுதியை நான் கொடுத்தேன். என் வாயால்தான் கொடுத்தேன்.

அவள் வருவதற்கு முன்பே, பதினோரு மணிக்கெல்லாம், யாரும் வாய் திறக்கக்கூடாது என்று தெருவுக்கு மௌன ஆணை போயிருந்தது. பங்குச்சாமியார் துக்க மணி அடிக்கவில்லை. பேப்பர் போடுகிறவருக்கு, மீன்காரிக்கு, டீக்கடைக்காரருக்கு, எல்லார் போனிலும் எங்கள் எச்சரிக்கை. சாயங்காலம் நான்கு மணிக்கு நான் போய்க் கருவியை வைத்துப் பார்த்தேன். பிரகாசியம்மாளுக்கு எழுபத்தொன்று. தொம்மைக்கு அறுபத்தெட்டு. வழக்கமாக இரண்டு பேருக்கும் முப்பதைத் தாண்டாது.

ஏதோ வாடை பிடித்துவிட்டார்கள், அதனால் கலங்கியிருக்கிறார்கள் என்று குறிப்பெழுதினேன். சந்தேகம் அடங்கினால் எண் இறங்கும், அப்போது சொல்லலாம். இப்படித்தான் என் மூளை வேலை செய்தது. மாதம் ஒருமுறை வில்லை பார்க்க வருகிறவள் தினமும் வந்து நின்றால் சந்தேகம் எப்படி அடங்கும் என்று அந்த மூளைக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அடுத்த ஒரு வாரம் அந்தத் தெரு ஆடிய நாடகத்தைச் சொல்ல வேண்டும். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்று காலையிலிருந்து ஆள் வந்தபடி இருந்தார்கள். ஒருத்தி நெய்மீன் குழம்பு கொண்டு வந்தாள். ஒருத்தி மக்ரூன் கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் நின்றது. தெருவில் கிரிக்கெட் நின்றது. வருகிறவர்கள் கூரையைப் பார்த்தார்கள், கொடியில் காயும் துணியைப் பார்த்தார்கள், விலைவாசி பேசினார்கள். பிரகாசியம்மாள் எல்லாருக்கும் காபி போட்டார். வந்தவர்கள் சிரித்தபோது அவரும் சிரித்தார்.

வியாழக்கிழமை நான் கிளம்பும்போது தொம்மை ஸ்கூட்டர் வரை வந்தார். கையில் கிரீஸ் துடைக்கிற துணி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்.

“மேடம், இவளுக்கு நம்பர் எவ்வளவு?”

“கொஞ்சம் கூடத்தான் இருக்கு. சரியாயிரும் அண்ணாச்சி.”

“எது வந்தாலும் அவ காதுக்குப் போகக்கூடாது. எங்கிட்ட வரட்டும். நான் தாங்கிக்கிடுவேன். அவ கோழிக்குஞ்சு மாதிரி. போன தடவையே பாதி உசுரு போயிட்டு.”

“என்ன அண்ணாச்சி வரப்போவுது, ஒண்ணும் வராது,” என்றேன் நான்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆமா, ஒண்ணும் வராது,” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினார்.

மறுநாள் பிரகாசியம்மாள் அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, “அவிய நம்பர் எறங்கிட்டா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “ராத்திரி தூங்க மாட்டக்காவ. பெரண்டு பெரண்டு படுக்காவ. அவியள கலங்கவிடாம பாத்துக்கிடணும் மேடம். எனக்கு ஒண்ணும் ஆவாது. நான் பொம்பளை,” என்றார். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

எண் இறங்கவே இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார். தூக்கத்துக்கு மருந்து சேர்த்தார். அறுபத்தைந்து, எழுபது, அறுபத்தேழு. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஏறும், ஒரே நேரத்தில் லேசாக இறங்கும். ஒரே வீட்டில் இருப்பதால் ஒருவரின் பதற்றம் மற்றவரைத் தொற்றுகிறது என்று எழுதினேன். வரைபடம் எல்லாம் போட்டு, அழகாகத்தான் எழுதியிருந்தேன்.

எட்டாம் நாள் ஜெனிட்டா மறுபடி வந்தாள். உடல் மதுரைக்கு வந்துவிட்டது, மறுநாள் காலை பதினோரு மணிக்கு அடக்கம் என்று முடிவாகியிருந்தது.

“மேடம், சொல்லக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். இப்ப நானே கேக்கேன், சொல்லிருங்க. பெத்தவங்க இல்லாம எந்தம்பியை எப்படி மேடம் பொதைக்கது? ஒருக்க முகத்தைப் பாக்கட்டும். அழட்டும். என்ன ஆனாலும் நான் ஒங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்.”

நான் பக்கத்தில் இருந்த டாக்டரைப் பார்த்தேன். வழி இருந்தது. அவசரம் என்றால் செய்தி அலுவலர் பொறுப்பேற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் ஊசி மருந்தோடு பக்கத்தில் நிற்க, எண் எவ்வளவு இருந்தாலும் சொல்லலாம்.

“முடிவு ஒங்களோடதுதான் மேடம்,” என்றார் டாக்டர். “கையெழுத்துப் போட்டா நான் வாரேன். மருத்துவமா கேட்டா, எழுபதுல சொல்லுறது நெருப்புல எண்ணெய் ஊத்துற மாதிரி.”

எனக்கு ஒரு பழைய கதை இருந்தது. திட்டம் தொடங்கிய வருடம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருக்கு, எண் ஐம்பத்தெட்டில் இருந்தபோதே ஒரு சாவுச் செய்தி சொன்னேன். பாவம் பார்த்து, இதே படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சொன்னேன். அவர் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடி, ‘அப்படியா’ என்று கேட்டார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. விசாரணையில் என்மேல் தப்பில்லை என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் அந்தப் படிவத்தைத் தொட்டதில்லை.

“நாளைக்கு ரெண்டு பேருக்கும் பாளையங்கோட்டையில செக்கப்னு கூட்டிட்டுப் போறேன். நீங்க அமைதியா காரியத்தை முடிங்க. பொறவு, நம்பர் இறங்கினதும் சொல்லுவோம்,” என்றேன் ஜெனிட்டாவிடம். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு இப்போதும் என்னைச் சுடுகிறது.

ஒன்பதாம் நாள் காலை ஒன்பதரைக்கு கார் வந்தது. பிரகாசியம்மாள் நல்ல வெள்ளைச் சேலை ஒன்றைக் கட்டியிருந்தார். தொம்மை திருவிழாவுக்குப் போடுகிற முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். செக்கப்புக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கவில்லை.

தெருமுனை திரும்பும்போது தொம்மை டிரைவரின் தோளைத் தொட்டார். “தம்பி, கோயில் வழியா போவலாமா? ஒரு நிமிஷம்தான். இறங்கக்கூட வேண்டாம். வண்டியில இருந்தே ஒரு கும்பிடு போட்டுக்கிடுதேன்.”

“கோயில் ரோட்டுல வேலை நடக்கு அண்ணாச்சி,” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். “பைபாஸ்ல போ.”

அவர் சரி என்று சாய்ந்துகொண்டார். பிரகாசியம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஜெபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார். பைபாஸில் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. ஒருவர் இந்த ஜன்னலைப் பார்த்தும் மற்றவர் அந்த ஜன்னலைப் பார்த்தும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த இடத்தில் என் கைப்பை இருந்தது. ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது தொம்மை இரண்டு தடவை மணி கேட்டார். பத்து ஐம்பதுக்கு ஒருமுறை. பதினொன்றேகாலுக்கு ஒருமுறை. பிறகு கேட்கவில்லை.

எண்களைப் பார்த்தேன். பிரகாசியம்மாளுக்கு எண்பத்திரண்டு. அவருக்கு எண்பத்திநான்கு. நல்லவேளை சொல்லவில்லை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசை முடிந்து வந்து தொம்மை கொட்டகைக்குப் போனார். சாப்பிடக் கூப்பிடப் போன பிரகாசியம்மாள், அவர் இன்ஜின் மேல் கன்னத்தை வைத்துக் கிடந்ததைப் பார்த்தார். உடம்பு இன்னும் சூடாக இருந்ததாம்.

நான் போனபோது கூடம் நிறைய ஆட்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே கவலை. கல்லறைத் தோட்டத்துக்கு இந்த அம்மா வந்தால் லெரினின் பேர் எழுதிய புதுச் சிலுவையைப் பார்த்துவிடுவாரே? சிலுவையைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுநாள் நடலாமா என்றுகூட ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். யோசித்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது பிரகாசியம்மாள் தலையை நிமிர்த்தி, குழி வெட்டுகிறவர்களின் தலைவரைப் பார்த்துக் கேட்டார்.

“லெரினுக்குப் பக்கத்துல எடம் இருக்கா?”

ஜெனிட்டா பாய்ந்து வந்து தாயின் காலைப் பிடித்துக்கொண்டாள். “ஒனக்கு எப்ப தெரியும்மா? எப்பம்மா தெரியும்?”

“மொத நாளே தெரியும்,” என்றார். அழவில்லை. “அன்னைக்கு முப்பது பேரு வீட்டுக்கு வந்தாவ. வழக்கமா படி ஏறும்போதே ‘லெரின் போன் போட்டானா’ன்னு கேக்குற சனம். அன்னைக்கு ஒருத்தருகூட அவன் பேரைச் சொல்லல. ஒருத்தருகூட. எனக்குத் தெரியாமப் போவுமா?”

அவருடைய எண் அன்றைக்கு எழுபத்தாறு. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்லறையிலும் இல்லை.

மூன்று நாள் கழித்து டாக்டர் இசக்கிராஜன் என்னைக் கூப்பிட்டார். மேசையில் தொம்மையின் அறிக்கை இருந்தது. படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“புது அட்டாக் இல்ல மேடம். அடைப்பு இல்ல. தசை முழுக்கப் பொட்டுப் பொட்டா வெந்திருக்கு. ஒரே நாள்ல வெந்ததில்ல. பத்துப் பன்னெண்டு நாளா, விடாம.”

“சந்தேகத்துல கலங்கிட்டே இருந்திருக்காவ,” என்றேன்.

“சந்தேகம் இப்படிப் போகாது. ஏறும், எறங்கும். வில்லையைக் கழட்டி முழுப் பதிவையும் இப்பதான் எடுத்தேன், பாருங்க. செவ்வாய்க்கிழமை காலையில பதினொன்னரைக்கு இருபத்தொன்பதுல இருந்து தொண்ணூறு. ஒரே குத்து. பொறவு அறுபதுக்குக் கீழ எறங்கவே இல்ல. இது செய்தி கேட்டவனோட இதயம். ஆனா யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. நான் டீக்கடையில் விசாரித்தேன். அன்றைக்குக் காலை பதினொன்றரைக்குத் தொம்மை டீ குடிக்க வந்திருக்கிறார். ஒரு படகு இன்ஜின் தகராறில் இருபது வருடமாக அவர் முகத்தில் விழிக்காத பிலோமின் அங்கே இருந்திருக்கிறார். பிலோமினே என்னிடம் சொன்னார். சொல்லும்போது அழுதார்.

“ஆணை வந்திருந்துச்சு, வாயைத் தொறக்கல மேடம். ஆனா அவனைப் பாத்ததும் மனசு கேக்கல. எந்திரிச்சுப் போயி அவன் கையைப் புடிச்சேன். அவ்வளவுதான். அவன் என் முகத்தைப் பாத்தான். ‘எம்மவனா?’ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டான். நான் பதில் சொல்லல. டீயைக் குடிக்காமப் போயிட்டான். தெருமுனையில திரும்பி வந்து, ‘எம்பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம்’னு சொல்லிட்டுப் போனான்.”

ஆக, இரண்டு பேருக்கும் முதல் நாளே தெரியும். அவருக்குத் தெரியக்கூடாது என்று இவரும், இவருக்குத் தெரியக்கூடாது என்று அவரும், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, தூங்குவதுபோல நடித்துக்கொண்டு பன்னிரண்டு இரவு. அடிபடப் போகிறவர்களின் எண் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தது, அடிபட்டுக் கிடந்தவர்களின் எண். வில்லைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இருபது வருடம் நர்ஸாக இருந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“இதை அந்த அம்மாகிட்ட சொல்லணுமா டாக்டர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சட்டப்படி இதுவும் செய்திதான். அவங்க நம்பர் இப்ப அறுபதுக்கு மேல. ஏற்கெனவே ஒருமுறை வெந்த தசை. நாப்பதுக்குக் கீழ வரட்டும்.” அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். பிரகாசியம்மாளின் பெயருக்கு நேரே மறுபடி ஒரு சிவப்புப் புள்ளி வந்தது.

மேலிடத்துக்குப் போகவேண்டிய அறிக்கையையும் பார்த்தேன். ‘நோயாளி தொம்மைக்கு இறுதிவரை துக்கச் செய்தி தெரிவிக்கப்படவில்லை. திட்டத்தின் நோக்கம் நிறைவேறியது.’ கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

தொம்மையின் எட்டாம் நாள் பூசைக்கு மறுநாள் காலை பதினொரு மணிக்கு நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஜெனிட்டா கடைக்குப் போயிருந்தாள். பிரகாசியம்மாள் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன். கருவியை மடியில் வைத்துக்கொண்டேன். அறுபத்திரண்டு. கைப்பையில் ஊசி மருந்து இருந்தது.

“ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன் மேடம்,” என்றார். “நான் செஞ்சது சரியா? அவியகிட்ட நான் சொல்லியிருக்கணுமோ? பெத்த மவன் முகத்தைப் பாக்கவிடாம அவியளத் தடுத்தது நான்தானே? செக்கப்னு நீங்க வந்து நின்னதுமே அன்னைக்குத்தான் அடக்கம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கார்ல கோயில் வழியா போவலாமான்னு கேட்டாவளே, அப்ப என் நெஞ்சு எப்படிக் கெடந்து அடிச்சுது தெரியுமா? போனா அவியளுக்குத் தெரிஞ்சுருமேன்னுதான். ரோட்டு வேலைன்னு நீங்க சொன்னதும் ஒங்களை மனசுக்குள்ள கும்பிட்டேன்.”

நான் மடியில் இருந்த எண்ணைப் பார்த்தேன்.

“ஆனா ஒண்ணு. தெரியாமலே போயிட்டாவ. அந்த மட்டும் எனக்கு நிம்மதி. அவியளுக்குத் தெரியாதுல்லா மேடம்?”

நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான், “தெரியாதும்மா,” என்றேன். சட்டம் நினைத்துச் சொன்னேனா, இரக்கத்தில் சொன்னேனா, என் பயத்தில் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. நாக்கு பழக்கத்தில் சொன்னது.

அவர் தலையாட்டினார். “சரி. காபி போடட்டா?” என்றார்.

மடியில் எண் ஏறத் தொடங்கியது. அறுபத்தெட்டு. எழுபத்து மூன்று. எழுபத்தொன்பது. அவர் முகம் அப்படியே இருந்தது. முந்தானையை ஒதுக்கி எழுந்திருக்கப் போனார். எண்பத்தாறு.

அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது பேர் சொல்லாமல் விட்ட பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், என் ஒரு முகத்தைப் பார்த்தா தெரிந்துகொள்ள மாட்டார்? இப்போது எனக்காக நடிக்கிறார். நான் மெனக்கெட்டு மறைத்தேன் என்பதற்காக, காபி போடப் போகிறார்.

“உக்காருங்கம்மா,” என்று கையைப் பிடித்து இழுத்தேன். “பொய் சொல்லிட்டேன். அவருக்குத் தெரியும். மொத நாளே தெரியும். ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சுட்டே இருந்திருக்காவ. கோயில் வழியா போகச் சொன்னது மவனுக்கு ஒரு கும்பிடு போடத்தான். நான்தான் விடல. நான்தான்மா விடல.”

தொண்ணூற்றொன்று. நான் ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

“அவியளுக்கும் தெரியுமா?” என்றார் மெதுவாக. “பக்கத்துலயே படுத்திருந்தமே. ரெண்டு பேருக்கும் தெரியும்னா, ஒருநாளாவது சேந்து அழுதிருக்கலாமே மேடம்? ஒரே ஒரு நாள்?”

பிறகு அழுதார். தரையில் கையால் அடித்து அடித்து, மகன் பெயரையும் கணவர் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லி, தெருவே கேட்க அழுதார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து வாசலில் நின்றார்கள். மௌன ஆணையின் பழக்கமோ என்னவோ, உள்ளே வரத் தயங்கினார்கள். வாங்க என்று நான் கத்தினேன். வந்து அவரைக் கட்டிக்கொண்டு அவர்களும் அழுதார்கள். லெரின் சின்ன வயதில் செய்த சேட்டையெல்லாம் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். ஊசியைப் பையில் எப்போது திரும்ப வைத்தேன் என்று நினைவில்லை.

இரண்டு மணி வாக்கில் ஜெனிட்டா அவருக்கு ரசம் சாதம் ஊட்டினாள். மகள் மடியில் தலை வைத்து அப்படியே அசந்து தூங்கிவிட்டார். ஈ ஓட்டிக்கொண்டு நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

நாலே காலுக்கு என் கைக்கருவி ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது. எடுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே வந்து சரியாக ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சிவப்புப் புள்ளி போய்ப் பச்சை வந்திருந்தது. அதற்குக் கீழே அலுவலகத்தின் வழக்கமான வரி: நோயாளி தயார். செய்தியைச் சொல்லலாம்.